மாமாவின் ஐந்து வெடித் துப்பாக்கி

எங்கள் மாமா வீட்டு ஆட்டுக் கொட்டகையின் தகரக் கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. ஓர் எலுமிச்சம்பழம் நுழையும் அளவு. மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் ஒழுகும். தாரைக் காய்ச்சி அடைத்துப் பார்த்தார்கள்; வெயிலில் உருகி மறுபடியும் திறந்துகொண்டது. "ஏண்ணே, தகரத்த மாத்தினா என்ன?" என்று யாராவது கேட்டால், "அது இருக்கட்டும்ப்பா, எனக்கு அது வேணும்" என்பார் மாமா. ஏன் என்று சொல்லமாட்டார். அத்தைதான் சொல்வார்.

வாசகர்களே, இந்த வாரம் அந்த ஓட்டையைப் பற்றியும், அதைப் போட்ட துப்பாக்கியைப் பற்றியும் எழுதப் போகிறேன். "நமக்கும் துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம்? பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டத் தெரிந்தால் போதாதா?" என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நம்மில் லைசென்ஸ் உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான், உண்மை. ஆனால், காட்டுப்பன்றி சுடப் போகிறவரோடு விளக்குப் பிடிக்கப் போகிறவர்கள், பன்றியைக் காவடி கட்டித் தூக்கி வருகிறவர்கள், அந்த வீட்டில் சோறு பொங்குகிறவர்கள், பிள்ளைகள் எல்லாரும் நம் ஆட்கள். துப்பாக்கி யார் கையில் இருந்தாலும், அதன் வாய்க்கு முன்னால் யார் வேண்டுமானாலும் நிற்கக்கூடும்.

மாமா அவசர காலத்தில் தோட்டக் காவலில் இருந்தவர். பிற்பாடு இரவு ஜாகா. இளம் செம்பனைக் கன்றுகளின் குருத்தைப் பன்றிகள் ஒரே இரவில் வரிசையாகக் குடைந்து போட்டுவிடும். லயத்துக்குப் பின்னால் நாம் போட்ட மரவள்ளியையும் விட்டுவைக்காது. அதற்காக மாமாவிடம் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று, முறையான லைசென்ஸோடு இருந்தது. நடுவில் மடக்கித் திறந்து, ஒரு தோட்டா போட்டு, சுட்டு, மறுபடி மடக்கித் திறக்கிற வகை. இருபது வருடம் அதோடு பழகினார்.

1974ஆம் ஆண்டு எங்கள் பெரிய துரை ஊருக்குத் திரும்பினார். அவரிடம் ஒரு பிரௌனிங் இருந்தது. முதுகு மேடான, ஐந்து தோட்டா கொள்கிற, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற துப்பாக்கி. போலீஸில் எழுதிக் கொடுத்து, பெயர் மாற்றி, மாமா அதை வாங்கினார். அத்தையின் சங்கிலி ஒன்று அடகுக் கடைக்குப் போனது. அது வேறு கதை.

அந்தத் துப்பாக்கி பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேட்கத் தகுந்த கதைதான். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்று ஓர் ஊர். அங்கே துப்பாக்கிக் கொல்லர் ஒருவரின் மகனாக 1855இல் பிறந்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். தகப்பனாரின் பட்டறையில் வளர்ந்தவர். வின்செஸ்டர் என்ற பெரிய கம்பெனிக்குப் பல வருடம் புதுப் புதுத் துப்பாக்கிகள் அமைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, உரிமையை விட்டுவிடுவார். அது கம்பெனிக்கு வசதி.

தானாகத் தோட்டா ஏற்றும் இந்த ஷாட்கன்னைச் செய்தபோது மட்டும் அவர் பேச்சை மாற்றினார். "மொத்தத் தொகை வேண்டாம், விற்கிற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எனக்குப் பங்கு வேண்டும்" என்றார். கம்பெனி முதலாளி மறுத்துவிட்டார். கூலிக்கும் பங்குக்கும் உள்ள வித்தியாசம் நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரௌனிங் அடுத்ததாக ரெமிங்டன் கம்பெனிக்குப் போனார். 1902 ஜனவரியில் அதன் தலைவரைப் பார்க்க வெளியே காத்திருந்தபோது, அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. மனிதர் சளைக்கவில்லை. மாதிரித் துப்பாக்கியோடு கப்பலேறி பெல்ஜியம் போனார். லியேஜ் நகருக்குப் பக்கத்தில் எர்ஸ்தால் என்ற இடத்தில் இருந்த எஃப்.என். என்னும் தொழிற்சாலை அவர் கேட்டபடி ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டே துப்பாக்கிகள் வெளிவரத் தொடங்கின. ரெமிங்டனும் பிறகு 1905 முதல் உரிமை பெற்று அதே அமைப்பைச் செய்து விற்றது. பிரௌனிங் 1926இல் அதே எர்ஸ்தாலில் காலமானார். அவருடைய ஆட்டோ-5 ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, 1998 வரை உற்பத்தியில் இருந்தது. 2012 முதல் அதே மேட்டு முதுகோடு, ஏ-5 என்ற பெயரில் ஒன்று வருகிறது. உள்ளே இருக்கிற வேலை வேறு.

நம் நாட்டுக்கும் அதற்கும் உறவு உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதும் அவசர காலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் மலாயாக் காடுகளில் ரோந்து போன பிரிட்டிஷ் சிப்பாய்களில், முன்னால் நடக்கிறவர் கையில் இந்த பிரௌனிங்கைக் கொடுப்பதுண்டு. நம் காட்டில் எதிரி தெரிவதே சில கஜ தூரத்தில்தான். குறிபார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஒரே வெடியில் பல குண்டுகள் பரவிப் போகிற, உடனே அடுத்த வெடிக்குத் தயாராகிற துப்பாக்கி அங்கே உதவியது.

"உடனே அடுத்த வெடிக்குத் தயாராகிற" என்று எழுதினேன் அல்லவா? கூரை ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

துப்பாக்கி வந்து மூன்று வாரம் இருக்கும். விடியற்காலை நான்கு மணி. மாமா இரண்டு தோட்டா போட்டுக்கொண்டு போனார், ஒரு வெடியில் பன்றி விழுந்தது. வெற்றுத் தோட்டா பக்கத்தில் தெறித்து விழுந்ததைத் தம் கண்ணாலேயே பார்த்தார். வீட்டுக்கு வந்தார். அப்போது எனக்குப் பதினான்கு வயது, நான்தான் விளக்குப் பிடித்திருந்தேன். அத்தை கொட்டகையில் ஆட்டுப் பால் கறந்துகொண்டிருந்தார்.

பழைய ஒற்றைக் குழலில் மாமாவுக்கு ஒரு பழக்கம். வீட்டுக்கு வந்ததும் மடக்கித் திறப்பார், வெற்றுத் தோட்டாவை எடுப்பார், மூடுவார். மூடினால் உள்ளே ஸ்பிரிங் இறுகி நிற்கும்; அது தளரட்டும் என்று வாயை மேலே பிடித்து விசையை ஒரு தட்டு தட்டுவார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்றைக்கும் வாயை மேலே பிடித்தார், விசையைத் தட்டினார்.

சத்தம் என் காதில் இரண்டு நாள் நின்றது. ஆடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. பால் சட்டி உருண்டது. அத்தை எழுந்திருக்கவேயில்லை, உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். மாமா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அத்தையின் தலையை, முகத்தை, தோளைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்ல" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு முழத் தூரம்.

மாமா விவரம் தெரியாதவர் அல்ல. ஐந்து தோட்டா கொள்ளும், தானாக ஏறும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் இருபது வருடப் பழக்கம் கையில் இருந்தது. ஒற்றைக் குழலில், சுட்டுவிட்டால் துப்பாக்கி காலி. வெற்றுத் தோட்டா வெளியே வந்தால் நிச்சயமாகக் காலி. பிரௌனிங்கிலோ, வெற்றுத் தோட்டா வெளியே வந்தது என்றால் நிரம்பிய தோட்டா உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரே அடையாளம், நேர் எதிரான பொருள்.

அன்று முதல் மாமா ஒரு முறை வகுத்துக்கொண்டார். வீட்டு எல்லைக்கு வருமுன்னே, பன்றியைக் கீழே போட்டுவிட்டு, வாயை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, அடிக்குழலில் உள்ள தோட்டாக்களை எடுப்பார். தாழைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, அறையில் உள்ளதையும் எடுப்பார். எத்தனை போட்டோம், எத்தனை சுட்டோம், எத்தனை கையில் இருக்கிறது என்று எண்ணுவார். பிறகு கண்ணை நம்பாமல் சுண்டு விரலை அறைக்குள் விட்டுத் தடவிப் பார்ப்பார். இருட்டில் கண் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்பார். துடைப்பதானாலும், ஆசாரியிடம் கொடுப்பதானாலும், சும்மா எடுத்துக் காட்டுவதானாலும் முதல் வேலை இதுதான்.

இனி அந்தத் துப்பாக்கியை மாமா தமக்கேற்றபடி ஆக்கிக்கொண்ட விதம். இதில் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தொல்லை, கட்டை. துரை ஆறடிக்கு மேல். மாமா ஐந்தடி மூன்று அங்குலம். துரையின் தோளுக்குப் பொருந்திய கட்டை மாமாவின் சட்டையில் சிக்கியது. அவசரத்தில் தோளில் பதியாமல் புஜத்தில் பதிந்து, சுட்டதும் கன்றிப் போனது. துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தால், மூக்குக்கும் பிடித்திருக்கிற பெருவிரலுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு விரல் இடைவெளி இருப்பது நல்லது. மாமாவுக்கு நான்கு விரல் இருந்தது. தோட்டத்து ஆசாரி ஓர் அங்குலம் அறுத்துக் குறைத்து, பின்னால் ரப்பர் அட்டை வைத்துக் கொடுத்தார். ரப்பர் தோட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம்?

சும்மா அறுத்துவிடவில்லை. இந்த பிரௌனிங்கின் பின்கட்டைக்குள் ஓர் இரும்புக் குழாயும், அதற்குள் நீண்ட ஸ்பிரிங்கும் இருக்கின்றன. தாழை முன்னுக்குத் தள்ளுவது அந்த ஸ்பிரிங்தான். கட்டையைக் கழற்றி, குழாய் எதுவரை வருகிறது என்று அளந்து, அதற்கப்பால்தான் ரம்பம் வைக்க வேண்டும். பழைய கோணத்திலேயே வெட்ட வேண்டும். கோணம் மாறினால் வாய் மேலே தூக்கும் அல்லது கீழே குனியும். ஆசாரி முதலில் கால் அங்குலம் அறுத்தார். மாமாவைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். மறுபடி கால் அங்குலம். அறுத்ததை ஒட்ட முடியாது அல்லவா?

அந்தக் குழாயைப் பற்றி இன்னொன்று. நம் ஊர் மழையில் நனைந்த துப்பாக்கியின் வெளிப்புறத்தை எல்லாரும் துடைப்பார்கள். தண்ணீர் கட்டைக்குள் இறங்கி அந்த ஸ்பிரிங்கைத் துரு பிடிக்க வைப்பதை யாரும் பார்ப்பதில்லை. தாழ் சோம்பலாக நகரும், கடைசி அரை அங்குலம் மூடாமல் நிற்கும். 'துப்பாக்கி கிழடாயிடுச்சு' என்பார்கள். கிழடெல்லாம் ஒன்றுமில்லை, அந்த ஸ்பிரிங்கை எடுத்துத் துடைத்து எண்ணெய் தொட்டு வைத்தால் சரியாகிவிடும். ஆனால் திருகாணியைக் கழற்றுமுன் ஒரு வார்த்தை. இந்த வகைத் துப்பாக்கியில் பெரிய திருகாணிகளுக்குப் பக்கத்தில் அவற்றை நகராமல் பிடித்திருக்கும் சின்னத் திருகாணிகள் உண்டு. சின்னதை முதலில் எடுக்க வேண்டும். முனை சரியாகப் பொருந்தாத திருப்புளியைப் போட்டுத் திருகினால் தலை சிதைந்துவிடும். ஒரு துப்பாக்கியின் முந்தைய சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று அறிய அதன் திருகாணித் தலைகளைப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது தொல்லை, முன்கட்டையில் ஒரு வெடிப்பு. துரை கொடுக்கும்போதே இருந்தது. மாமா ஒட்டினார், மறுபடி விட்டது. கடைசியில் பட்டணத்தில் ஒரு சீனர் நடத்திய துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனோம். அவர் முன்மூடியைத் திருகி, முன்கட்டையை உருவி, குழலைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே பார்த்தார். ஓர் எஃகு வளையத்தைச் சுட்டிக்காட்டி, "ரிங் சாலா தெம்பாட்லா, தம்பி" என்றார். வளையம் இடம் மாறி இருக்கிறதாம்.

அந்த வளையம்தான் இந்தத் துப்பாக்கியின் உயிர். வெடி வெடித்ததும் குழலும் தாழும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டே பின்னால் ஓடிவரும், ஒரு தோட்டாவின் நீளத்துக்கும் மேலே. பிறகு தாழ் பின்னால் நிற்க, குழல் மட்டும் முன்னால் போகும். வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். அப்புறம் தாழ் முன்னால் பாய்ந்து புதுத் தோட்டாவை அறைக்குள் தள்ளும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில். அத்தனை வேகமாகப் பின்னால் வருகிற குழலுக்குப் பிரேக் வேண்டாமா? குழலுக்குக் கீழே தோட்டாக்கள் இருக்கிற அடிக்குழல் இருக்கிறதே, அதன்மேல் ஒரு பெரிய ஸ்பிரிங்கும், அதற்கு முன்னால் ஒரு வெண்கலத் துண்டும் சறுக்கும். குழல் பின்னால் வரும்போது இந்த வெண்கலம் இறுகி அடிக்குழலைக் கவ்விப் பிடிக்கும். சைக்கிள் பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரேக்கைக் கூட்டவும் குறைக்கவும்தான் எஃகு வளையம். பலமான தோட்டா சுடுவதானால், வளையம் ஸ்பிரிங்குக்கும் வெண்கலத்துக்கும் நடுவில், சரிவான பக்கம் வெண்கலத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போது வெண்கலம் இரு பக்கமும் நெருக்கப்பட்டு நன்றாகக் கவ்வும். இலேசான தோட்டாவானால், வளையத்தை எடுத்து ஸ்பிரிங்குக்குப் பின்னால், துப்பாக்கியின் உடலை ஒட்டிப் போட்டுவிட வேண்டும். அங்கே அதற்கு வேலை இல்லை, பிரேக் பாதியாகும். துரை புறா சுடுகிறவர். இலேசான ரவைத் தோட்டாவுக்கு வைத்திருந்த வளையத்தை மாற்றாமலே பன்றிக்கு எஸ்.ஜி. தோட்டாவும் சுட்டிருக்கிறார். குழல் பிரேக் இல்லாத சைக்கிள் மாதிரி வந்து மோதி, முன்கட்டையைப் பிளந்திருக்கிறது. தோளில் உதையும் கூடுதல்.

நேர்மாறாகவும் நடக்கும். பலத்த பிரேக்கில் இலேசான தோட்டாவைச் சுட்டால் குழல் முழுத் தூரம் வராது. வெற்றுத் தோட்டா பாதியில் சிக்கி நிற்கும். வெளியே விழுகிற வெற்றுத் தோட்டாவே நமக்குச் சேதி சொல்லும். காலடியில் சோர்ந்து விழுந்தால் பிரேக் அதிகம் அல்லது அழுக்கு அதிகம். வெகுதூரம் பறந்தால் பிரேக் போதவில்லை அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஸ்பிரிங் பல வருடம் உழைத்தால் தளரத்தான் செய்யும். அதை மாற்றுகிற செலவு ஒரு புதுக் கட்டையின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சீனர் வளையத்தை இடம் மாற்றி, ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டு, முன்கட்டையின் உள்பக்கம் பசை விட்டுக் கட்டிக் கொடுத்தார். அந்த வெடிப்பு அதன்பின் விரியவேயில்லை. மாமா குறிமுனையில் வெள்ளை எனாமல் ஒரு சொட்டு வைத்துக்கொண்டார், மங்கல் வெளிச்சத்தில் தெரிவதற்காக. தோளில் மாட்ட ஒரு வார். இவ்வளவுதான் அவர் செய்த மாற்றம்.

செய்யாததையும் சொல்ல வேண்டும். "அண்ணே, குழல ஒரு முழம் வெட்டினா காட்டுல தூக்க லேசா இருக்குமே" என்று ஒருவர் யோசனை சொன்னார். மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். குழலின் நுனி சற்றே குறுகலாக இருக்கும்; ரவை சிதறாமல் கொத்தாகப் போவதற்கு அதுதான் காரணம். பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்கில் அந்தக் குறுகலை நட்சத்திரப் புள்ளியால் குறித்திருப்பார்கள்: ஒரு நட்சத்திரம் முழுக் குறுகல், இரண்டு என்றால் நடுத்தரம், மூன்று என்றால் குறுகலே இல்லை. வெட்டினால் அது போச்சு, குறிமுனையும் போச்சு. அதோடு இந்த வகையில் குழலின் எடையே இயந்திரத்தின் ஒரு பாகம். எடை குறைந்தால் ஓட்டமும் கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, போலீஸ் வந்து கையைப் பிடிக்கும். விசை இலேசாக இருக்கட்டும் என்று உள்ளே அரம் போட்டுத் தேய்க்கிறவர்களும் உண்டு. அப்படித் தேய்த்த துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கக்கூடும்.

துடைப்பது பற்றிப் பெரிய சாத்திரம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் ஒரு ராத்திரி போதும், கை வியர்வை பட்ட இடத்தில் துரு விரல் ரேகையாகவே எழும்பி நிற்கும். குழலைக் கழற்றி, அறைப் பக்கத்திலிருந்து கம்பியை விட்டு, வெண்கலப் பிரஷ்ஷால் தேய்த்து, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, கடைசியில் இலேசாக எண்ணெய் பூச வேண்டும். சுடப் போகுமுன் அந்த எண்ணெயையும் துடைத்து எடுக்க வேண்டும். அடிக்குழலின் மேல்புறத்தையும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். அங்கே எண்ணெய் வழிந்தால் பிரேக் பிடிக்காது. வறண்டு கிடந்தால் சிக்கும். தேங்காயெண்ணெய் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். நாளாவட்டத்தில் புகைக்கரியோடு சேர்ந்து ஒட்டுப்பால் மாதிரி பிசுபிசுத்துப் போகும். தையல் மிஷின் எண்ணெய் தேவலை.

எண்ணெய் போட்ட பிறகு சுவரில் சாத்துவதானால் வாய் கீழே இருக்கும்படி சாத்துங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரம் ஊறிப் போகும். தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். உறை ஈரத்தைக் குடித்து வைத்திருந்து துப்பாக்கிக்குக் கொடுக்கும். பூட்டிய பெட்டிக்குள் துப்பாக்கி தனி, வேறு பூட்டில் தோட்டா தனி, சாவி பிள்ளைகள் அறியாத இடத்தில்.

கொஞ்ச நாள் எடுக்காத துப்பாக்கியின் குழலுக்குள் முதலில் வெளிச்சம் பார்க்காமல் தோட்டா போடவே கூடாது. ஒரு தடவை மாமா கம்பியை விட்டபோது நடுவில் தட்டியது. குத்தித் தள்ளினால் மண் கட்டி வந்தது, உள்ளே காய்ந்த சிலந்திகள். குளவி கூடு கட்டியிருக்கிறது! அதோடு சுட்டிருந்தால் குழல் வெடித்து இடது கை போயிருக்கும். காட்டில் வழுக்கி விழுந்து வாயில் சேறு புகுந்தாலும் இதே கதிதான்.

இன்னொரு ஆபத்து, தோட்டாக்களைக் கலப்பது. நம் பக்கம் அதிகம் புழங்குவது 12 என்ற அளவு, குழலின் உள் அகலம் சுமார் 18.5 மில்லிமீட்டர். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை நுழையும் அளவு என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அப்படியானால் 20 என்பது சிறியது, சுமார் 15.6 மில்லிமீட்டர். தெரியாமல் 20ஆம் நம்பர் தோட்டாவை 12ஆம் நம்பர் துப்பாக்கியில் போட்டால், அது அறையைத் தாண்டி வழுக்கிப் போய்க் குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். அறை காலியாகத்தான் தெரியும். பின்னாலேயே 12ஆம் நம்பர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், அதன் பிறகு சொல்ல ஆள் இருக்கமாட்டார். அதனால்தான் 20ஆம் நம்பர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது வழக்கமாயிற்று. மஞ்சள் தோட்டா ஒன்று சட்டைப் பையில் கலந்துவிட்டால், பை முழுவதையும் கொட்டிப் பாருங்கள். நீளத்தையும் பார்க்க வேண்டும்: பழைய ஐரோப்பியத் துப்பாக்கிகள் சிலவற்றின் அறை 65 மில்லிமீட்டர்தான், இப்போதைய 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே நுழையும், ஆனால் வெடித்து விரிய இடம் இருக்காது. குழலில் பொறித்திருப்பதைப் படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரிடம் காட்டிக் கேட்பதில் வெட்கம் இல்லை. பழைய பெல்ஜியக் குழல்களில் எஃகு ரவைத் தோட்டாவும் ஆகாது; ஈய ரவைதான்.

இப்போது வருகிற தானியங்கிகளில் பல, வெடிமருந்தின் புகை அழுத்தத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டு ஓடுபவை. ரெமிங்டன் 1100 போன்றவை 1963இலேயே வந்துவிட்டன. அவற்றில் இந்த வளைய வேலை கிடையாது. ஆனால் புகை போகிற சின்னத் துவாரங்களைக் கரி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தை நான் விளக்கப் புகுந்தால் பக்கம் போதாது. ஒன்று மட்டும். லைசென்ஸ் என்பது ஆளுக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் சேர்த்துக் கொடுப்பது. "அண்ணே, ராத்திரிக்கு மட்டும் கொடுங்க, காலைல கொண்டாந்துர்றேன்" என்கிற பேச்செல்லாம் மண்வெட்டிக்குச் சரி. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. இரும்புக் குழாயில் நாமே செய்துகொண்டதும் துப்பாக்கிதான். பன்றி சுடுவதற்கு வனவிலங்குத் துறையின் அனுமதியும் தனியே வேண்டும். எத்தனையோ குடும்பங்கள் ஒரு பன்றிக்காக ஆளை இழந்திருக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

மாமா 1996இல் காலமானார். அப்போது தோட்டத்தை விற்றாகிவிட்டது. லயங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள், ஆட்டுக் கொட்டகையும் அந்தத் தகரமும் எந்த லாரியில் போயிற்றோ தெரியாது. அத்தை பட்டணத்து அடுக்கு வீட்டுக்குக் குடிபோகத் தயாராக இருந்தார். துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும், என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

முதல் நாள் இரவு உட்கார்ந்து கழற்றினேன். குழலுக்குள் பளபளவென்று இருந்தது. ஒரு திருகாணித் தலைகூடச் சிதையவில்லை. வளையம் பன்றித் தோட்டாவுக்கு உரிய இடத்தில், சரிவு வெண்கலத்தைப் பார்த்தபடி இருந்தது. அப்படியே விட்டேன். இலேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்து, மாட்டி, அத்தையிடம் ஒரு பழைய கைலி கேட்டேன், சுற்றிக் கட்டுவதற்கு.

அத்தை கைலியோடு வந்து நின்றார். "காலியா இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"காலிதான் அத்தை. இப்பதான பார்த்தேன்" என்றேன்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, தாழைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லி, தம் சுண்டு விரலை அறைக்குள் விட்டுத் தடவிப் பார்த்தார். அதன் பிறகுதான் கைலியைக் கொடுத்தார்.